எஃப்ஐஆரில் மணி என்ன?

டெல்டா பகுதி சட்டக் கல்லூரி ஒன்றில் குற்றவியல் சட்டமும் நடைமுறையும் நடத்தும் பேராசிரியை, வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

வாசகர், ஒரத்தநாடு: என் மகன் திருச்சியில் சட்டம் மூன்றாம் வருடம் படிக்கிறான். புதுச் சட்டங்கள் வந்துவிட்டன, வீட்டில் இருக்கும் பழைய ஐபிசி, சிஆர்பிசி புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடலாமா?

போட்டுவிடாதீர்கள் ஐயா, இன்னும் பல வருஷத்துக்கு அவை வேண்டும். 2024 ஜூலை 1 அன்று தண்டனைச் சட்டமான ஐபிசிக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, நடைமுறைச் சட்டமான சிஆர்பிசிக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம் மூன்றும் நடைமுறைக்கு வந்தன, சரி. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். 2023 தீபாவளி அன்று நடந்த ஒரு கொலை வழக்கு இப்போதுதான் சாட்சி விசாரணைக்கு வருகிறது என்றால் அது பழைய கொலைப் பிரிவான 302தான், புதிய 103 அல்ல. நம்ம ஊர் வழக்குகள் எவ்வளவு காலம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும், ஆக உங்கள் மகன் கோட்டு போட்டு நிற்கும்போதும் இரண்டு சட்டமும் கையில் இருக்க வேண்டும்.

எண்கள் மாறியதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய சிஆர்பிசியில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டுப் போகும் பிரிவு. புதிய சுரக்ஷா சன்ஹிதாவில் 482 முன்ஜாமீன். ரத்து கேட்க வேண்டுமென்றால் 528க்குப் போக வேண்டும். சீனியர் போனில் "ஒரு 482 ரெடி பண்ணுப்பா" என்றால் ஜூனியர் திரும்ப ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

உண்மையிலேயே புதிதாக வந்தவை கொஞ்சம்தான். வழிப்பறிச் செயின் பறிப்புக்குத் தனிப் பிரிவு, சில சின்னக் குற்றங்களுக்கு சமூக சேவை என்ற தண்டனை, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது, ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் ஆள் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பது, இப்படி. திருட்டு என்றால் என்ன, கொலை என்றால் என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் பழைய வரிகளேதான், ஆகவே நூற்றைம்பது வருஷத் தீர்ப்புகளும் கூடவே வருகின்றன. மகனிடம் எண்களைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள்.

மாணவர், திருவாரூர்: மேடம், தண்டனைச் சட்ட வகுப்பு கதை கேட்கிற மாதிரி போகிறது. நடைமுறைச் சட்டம் என்றால் மதியம் இரண்டு மணிக்கு வகுப்பே கண் சொருகிக் கிடக்கிறது. 531 பிரிவுகளை எப்படி மனப்பாடம் செய்வது?

மனப்பாடமே வேண்டாம் தம்பி. முதல் பிரிவில் ஆரம்பித்து வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் யாருக்கும் தூக்கம்தான் வரும். ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு அதன் காகிதங்களோடு கூடவே போய்ப் பாருங்கள். நான் கொலை வழக்கை எடுப்பதில்லை, கொலை என்றதும் எல்லாரும் சினிமா வக்கீலாகிவிடுகிறார்கள். கொள்ளிடத்து மணல் வண்டியைத்தான் எடுப்பேன்.

விடியற்காலையில் மாட்டு வண்டியில் மணல் ஏற்றி வந்த ஒருவரைப் போலீஸ் பிடிக்கிறது என்று வையுங்கள். இது திருட்டா? அசையும் பொருளைத்தான் திருட முடியும். படுகையோடு படுகையாகக் கிடக்கும் வரை மணல் நிலத்தின் பகுதி, அள்ளிப் பிரித்த உடனே அசையும் பொருள், இது பிரிவுக்குக் கீழே உள்ள விளக்கத்திலேயே இருக்கிறது. அள்ளியவரே கொண்டுபோனாலும் திருட்டுதான். அடுத்த சிக்கல், கனிமங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, அதன்படி அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் கோர்ட் அதைக் கையில் எடுக்கும். அப்படியிருக்க போலீஸ் தானாகத் திருட்டு வழக்கு போடலாமா? டெல்லி அரசுக்கும் சஞ்சய் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் போடலாம் என்றது: கனிமச் சட்டக் குற்றம் வேறு, அரசின் மணலைத் திருடுவது வேறு. இதுவரை வகுப்பு முழித்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் காகிதக் கட்டு. நானே தயாரித்த கற்பனைக் கட்டு ஒன்றைப் பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுப்பேன். எஃப்ஐஆர் பதிவான நேரம் காலை 7.30. ஆற்றங்கரையில் வண்டியையும் மணலையும் கைப்பற்றிய மகஜரில், அதாவது அங்கேயே சாட்சிகள் முன் எழுதும் பதிவில், நேரம் 5.45. அந்த மகஜரின் தலையில் குற்ற எண் அழகாக எழுதியிருக்கும். கையெழுத்து, சாட்சி, எல்லைகள் என்று எல்லாம் சரியாக இருப்பதால் பெரும்பாலானவர்கள் ஒன்றும் தப்பில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். யாராவது ஒருத்தர் மட்டும் மெதுவாகக் கையைத் தூக்கி, "மேடம், வழக்கே ஏழரைக்குத்தான் பதிவாகுது, அஞ்சே முக்காலுக்கு ஆத்தங்கரைல இருந்தவருக்கு நம்பர் எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்பார். அவ்வளவுதான். மகஜரை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினார்களா, எஃப்ஐஆர் நேரத்தை மாற்றினார்களா, இல்லை எண்ணை மட்டும் பிறகு சேர்த்தார்களா என்று அன்றைக்கு மீதி வகுப்பு முழுக்கச் சண்டைதான், யாரும் தூங்கவில்லை. கோர்ட்டில் நடக்கும் குறுக்கு விசாரணையில் பாதி இதுதான்.

அதே எஃப்ஐஆரின் ஓரத்தில் நீதித்துறை நடுவர் வாங்கிக்கொண்ட தேதியும் நேரமும் சின்னக் கையெழுத்தோடு இருக்கும். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நாலு கிலோமீட்டர், போய்ச் சேர்ந்ததோ மறுநாள் சாயங்காலம். தாமதம் ஆனதாலேயே வழக்கு விழுந்துவிடாது, ஆனால் ஏன் என்று போலீஸ் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்ற சந்தேகம் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமாகப் போகும். பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தினார்களா? 60 நாளிலோ 90 நாளிலோ குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் அவருக்கு உரிமையாகவே வந்துவிடுகிறது, அந்த நாட்களை எண்ணும்போது ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க நடுவர் உத்தரவிட்ட) நாளைச் சேர்க்க வேண்டுமா கூடாதா? சேர்க்க வேண்டும் என்று 2023இல்தான் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்த்து வைத்தார்கள், அது வரை ஒரு நாள் வித்தியாசத்தில் ஜாமீன் கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு.

மாடுகளை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். லாரியை ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்கில் துருப்பிடிக்க விடலாம் (விடக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் எந்த ஸ்டேஷன் வாசலையும் போய்ப் பாருங்கள்). மாட்டை அப்படிக் கட்டி வைக்க முடியாது, அன்றைக்கே வைக்கோலும் தண்ணியும் வேண்டும். அப்போது வழக்கு முடியும் முன்பே பொருளை இடைக்காலமாகத் திருப்பிக் கேட்கும் மனு எப்படிப் போடுவது என்ற பாடம் தானாக வந்துவிடும், 497, 503 இரண்டையும் யாரும் சொல்லித் தராமலே பசங்கள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். வண்டி ஒன்றுதான், ஆனால் அது கடைசியில் முப்பது பிரிவையாவது இழுத்துக்கொண்டு வந்திருக்கும்.

வாசகர், மன்னார்குடி: கோர்ட்டில் நீதிபதி சுத்தியலால் தட்டி "ஆர்டர் ஆர்டர்" என்பாரா?

நம்ம கோர்ட்டில் சுத்தியலே கிடையாது. அதைவிட முக்கியமாக, வக்கீல் கூண்டுக்குள் சாய்ந்து நின்று சாட்சியின் முகத்துக்கு நேரே விரல் நீட்டுவதும் கிடையாது. முதல் வருடப் பிள்ளைகளுக்கு இதை மறக்கடிக்கவே ஒரு மாதம் ஆகும்.

ஒரு தாய், பாபநாசம்: என் மகள் சட்டம் படித்து கிரிமினல் வக்கீலாகப் போகிறேன் என்கிறாள். கொலை செய்தவனுக்கும் பெண்ணைக் கெடுத்தவனுக்கும் போய் வாதாட வேண்டுமா அம்மா? கேட்கவே மனசு ஒப்பவில்லை.

உங்கள் சங்கடம் புரிகிறது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பெண் வகுப்பிலேயே இதைக் கேட்பாள், நல்ல கேள்வி என்று தான் சொல்வேன். ஆனால் "செய்தவன்" என்று நீங்கள் முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே. செய்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தானே விசாரணை, அதில் ஒரு பக்கம் பேச ஆளே இல்லையென்றால் அது விசாரணை ஆகாது.

பெரும் கோபம் கிளப்பிய வழக்குகளில் சில ஊர் வழக்கறிஞர் சங்கங்கள், எதிரிக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடும் வழக்கம் இருந்தது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான், முகமது ரஃபி வழக்கு, 2010இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் செல்லாது, தொழில் அறத்துக்கே விரோதம் என்று கண்டிப்பாகச் சொன்னது. மும்பை தாக்குதல் வழக்கில் கசாபுக்கும் வக்கீல் கொடுத்தார்கள். அந்த வழக்கின் 2012 தீர்ப்பில் ஒரு பயனுள்ள விஷயம் இருக்கிறது: பிடிபட்டவரை முதல் தடவை நடுவர் முன் நிறுத்தும்போதே, உனக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, வசதி இல்லையென்றால் அரசு செலவில் தரப்படும் என்று நடுவர் எடுத்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு உங்கள் வயல் வேலைக்கு வரும் யாராவது பொய் வழக்கில் மாட்டிக்கொண்டால் அவருக்கும் இதே உரிமைதான் கை கொடுக்கும்.

மகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அரசு வழக்கறிஞர் ஆகலாம், பாதிக்கப்பட்டவர் தரப்பில் நிற்கலாம், நீதித்துறைத் தேர்வு எழுதலாம். எந்தப் பக்கம் போனாலும் எதிர்ப்பக்கம் எப்படி யோசிக்கும் என்று தெரியாமல் ஒரு வேலையும் நடக்காது, அதனால் கல்லூரியில் இருக்கும்போது இரண்டு பக்கமும் வாதாடிப் பழகட்டும். மாதிரி நீதிமன்றத்தில் நான் வேண்டுமென்றே பிடிக்காத பக்கத்தைத்தான் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர், திருத்துறைப்பூண்டி: நாங்கள் ராப்பகலாக அலைந்து பிடித்துக் கொடுக்கிறோம், எதிரியே ஒப்புக்கொள்கிறான். உங்களிடம் படித்தவர்கள் வந்து ஏதாவது ஓட்டையைக் காட்டி விடுதலை வாங்கிவிடுகிறார்கள். இதைத்தான் சொல்லித் தருகிறீர்களா?

ஆமாம் சார், அதையும்தான். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது, எழுதியது வெள்ளைக்காரன், தன்னுடைய போலீஸை அவனே அவ்வளவு நம்பவில்லை. புதுச் சட்டத்திலும் அது 23ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு வழி திறந்து வைத்திருக்கிறார்கள்: எதிரி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வார்த்தைகள் மட்டும் உள்ளே வரும். "அரிவாளை வைக்கோல் போருக்குள் வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" வரும். "அதால்தான் வெட்டினேன்" வராது. 1946இல் புலுகூரி கோட்டையா வழக்கில், அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது, இன்று வரை அழியவில்லை.

இப்போது நீங்கள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் எல்லாம் எதிரிகள் ஒரே மாதிரி பேசுகிறார்களே, "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்" என்று, படித்தவனும் படிக்காதவனும் ஒரே செந்தமிழில்! சாட்சிக் கையெழுத்துப் போட ஊர் விஏஓவும் தலையாரியும் எப்போதும் தயாராக இருக்கிறார்கள், அக்கம்பக்கத்துக்காரர் ஒருத்தர் கூடக் கிடைப்பதில்லை. எதிரி போலீஸுக்குப் போகாமல் நேராக விஏஓ ஆபீசுக்குப் போய் மனம் திறந்து பேசிவிட்டதாகவும் எத்தனை வழக்குகள், அதை உயர் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்த்த தீர்ப்புகளும் எத்தனை. பசங்கள் ஓட்டையைப் போடவில்லை சார், இருக்கிற ஓட்டையைக் காட்டுகிறார்கள்.

ஆனால் உங்கள் கோபத்தில் பாதியை நான் ஏற்கிறேன். விசாரணை அதிகாரிக்கு பந்தோபஸ்தும் பார்க்கணும், திருவிழாவும் பார்க்கணும், அதற்கு நடுவில் மகஜர் எழுதணும் என்றால் இப்படித்தான் ஆகும். புதிய சட்டம் சோதனையை வீடியோ எடுக்கச் சொல்வது ஒழுங்காக வேலை செய்கிற அதிகாரிக்குத்தான் முதல் பாதுகாப்பு என்பது என் கருத்து. உங்களைப் போன்றவர்கள் வகுப்புக்கு வந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் மகஜர் எழுதுவது எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அழைத்தால் வருவீர்களா?

வாசகர், நாகப்பட்டினம்: நம் பகுதி வழக்குகளை வகுப்பில் சொல்லித் தருவது உண்டா, அல்லது எல்லாம் டெல்லி, மும்பை வழக்குகள்தானா?

பாடத்திட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் வெளியூர் வழக்குகள்தான். நான் மூன்றை உள்ளே கொண்டுவருவேன்.

கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் பிரச்சினை முற்றி, குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். விசாரணை நீதிமன்றம் மிராசுதாரர்களுக்குத் தண்டனை கொடுத்தது, மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு வசதியானவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற போக்கில் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி போகிறது. இதை உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டுப் போகலாம், பிள்ளைகள் அதற்குத் தயாராகத்தான் வருவார்கள், சிலர் அந்தக் கிராமங்களிலிருந்தே வருகிறவர்கள். நான் சாட்சியச் சட்டத்தின் பழைய 114ஆம் பிரிவை எடுக்கச் சொல்வேன். மனிதர்கள் சாதாரணமாக எப்படி நடந்துகொள்வார்களோ அதை வைத்து ஒரு உண்மையை நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது அது. யாருடைய சாதாரணம்? மிராசுதாரர் வயலில் இறங்க மாட்டார் என்று நினைக்கிற நீதிபதியின் சாதாரணமா, அவரை வரப்பில் தினமும் பார்த்த கூலிக்காரரின் சாதாரணமா? பரீட்சையில் இந்தக் கேள்வி வராது, ஆனால் இதைப் பேசாமல் ஊகம் என்ற பாடத்தை நடத்த எனக்குத் தெரியாது.

இரண்டாவது, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில், 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. கவனக்குறைவால் மரணம் என்றால் அப்போது அதிகபட்சம் இரண்டு வருஷம்தான், சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்தது என்றால் பத்து வருஷம் வரை போகும். கீற்றுக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை அடைத்து வைப்பது எதில் சேரும், உரிமம் கொடுத்த அதிகாரி எதில் சேருவார் என்று வாதாட விடுவேன். இந்த வகுப்பு மட்டும் சத்தமில்லாமல் நடக்கும்.

மூன்றாவது கொஞ்சம் சுவாரசியமானது, சிலைத் திருட்டு. பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்து லண்டன் வரை போனார், அங்கே கோர்ட்டில் கோயிலையே வழக்காடத் தகுதியுள்ள நபராக ஏற்றுக்கொண்டு 1991இல் மேல்முறையீட்டிலும் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. சிலைக் கடத்தலில் சிக்கிய கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து, உடையார்பாளையம் சிலை வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் தண்டனை விதித்தது. ஒப்படைத்த நாடு எந்தக் குற்றத்துக்காக ஒப்படைத்ததோ அதற்குத்தான் விசாரிக்கலாம் என்ற விதியை விளக்க எனக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை.

மாணவி, வேதாரண்யம்: பள்ளி, கல்லூரி எல்லாம் தமிழ்வழி. ஆங்கிலம் தடுமாறும். கிரிமினல் சைடில் நிற்க முடியுமா மேடம்?

தாராளமாக முடியும் தங்கச்சி. தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான், சாட்சி தமிழில்தான் பேசுவார், குறுக்கு விசாரணையும் தமிழில்தான். அதில் உங்களுக்கு இருக்கும் வசதி கான்வென்ட் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் உயர் நீதிமன்றம் ஆங்கிலம்தான், தீர்ப்புகளும் ஆங்கிலம்தான், அதைத் தவிர்க்க வழியே இல்லை. நம்ம டெல்டாவுக்கு இன்னொரு கூத்து, தஞ்சாவூர், திருச்சி வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும், உங்கள் நாகை மாவட்டமும் திருவாரூரும் சென்னைக்குப் போக வேண்டும். எங்கே போனாலும் படிக்க வேண்டியது ஒன்றே: ஒரு நாளைக்கு ஒரு தீர்ப்பு, முழுதாக வேண்டாம், வழக்கின் சம்பவம் எழுதியிருக்கும் பகுதியை மட்டும் படித்து அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். சட்ட ஆங்கிலம் எளிதாகப் பிடிபடும் இடம் அதுதான், ஏனென்றால் அங்கே யார் எங்கே எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்று மட்டும்தான் இருக்கும்.

விடுமுறையில் பக்கத்தில் இருக்கும் நீதித்துறை நடுவர் கோர்ட்டுக்குப் போய் பின்பெஞ்சில் உட்காருங்கள். குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம், பாலியல் வன்கொடுமை போன்ற சில வழக்குகள் தவிர மற்றதற்கு யாரும் உட்காரலாம், அனுமதிச் சீட்டு ஒன்றும் வேண்டாம், போனை மட்டும் அணைத்து வையுங்கள். காலையில் கோர்ட் உட்கார்ந்ததும் வாய்தா கூப்பிடுவார்கள், அது சலிப்பாகத்தான் இருக்கும், எழுந்து வந்துவிடாதீர்கள். ரிமாண்டுக்கு ஆள் கொண்டுவரும்போது நடுவர் அவரிடம் என்ன கேட்கிறார், போலீஸ் அடித்தார்களா என்று கேட்கிறாரா, சொந்தக்காரருக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்கிறாரா, வக்கீல் இருக்கிறாரா என்று கேட்கிறாரா, இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.